பன்னிரண்டு புள்ளி இரண்டு

உல்சானில், நூற்றியாறாம் கட்டடத்துக்கு அடியில்,
பூமிக்குள் இரண்டாம் தளம்.
இடம் போதாது. அதனால் இங்கே ஒரு வழக்கம்:
குறுக்கே நிறுத்துகிறவர் கியரை நியூட்ரலில் விட்டுப் போகவேண்டும்.
உள்ளே மாட்டிக்கொண்டவர்
யாருடையதோ ஒரு வண்டியைக் கைகொடுத்து நகர்த்திவிட்டு
வேலைக்குப் போவார்.

அப்படி நகர்த்தியவர்களில் யாரோதான்
என் பின்கதவில் ஒரு முழ நீளத்துக்குக்
கோடு கிழித்திருக்க வேண்டும்.
எழுநூற்றிநான்காம் வீட்டு ப்யோ என்று என் சந்தேகம்.
சாட்சி இல்லை.
வண்டியை அணைத்தால் கேமராவும் அணைந்துவிடும்.

ஞாயிறு காலை வேலைக்கு உட்கார்ந்தேன்.
உட்கார்ந்தேன் என்பது பேச்சுக்கு:
பெடலுக்கு அடியில் தலை,
கதவுக்கு வெளியே கால்.
ஃபியூஸ் பெட்டி மூடியில் இருந்த படம்
எறும்புகளுக்காக அச்சிட்டது.
மஞ்சள் வயருக்கு எந்நேரமும் உயிருள்ள இடம் வேண்டும்.
சிவப்புக்கு, சாவி திருப்பினால் மட்டும் விழிக்கிற இடம்.
கறுப்பு பாவம், அதற்குப் பெயின்ட் படாத
ஒரு திருகாணி போதும்.
எது எது என்று சொல்ல மல்டிமீட்டர் வேண்டும்.
இந்தக் கட்டடத்தில் அது ஒருவரிடம்தான் இருக்கிறது.

ப்யோ மன்-சிக் ரப்பர் செருப்போடு இறங்கி வந்தார்.
திருடன் கையில் டார்ச்சைக் கொடுத்த கதையாய்
நான் படுத்திருக்க, அவர் வெளிச்சம் பிடித்தார்.
"இந்தத் தூணுக்குள் காற்றுப்பை மடிந்து கிடக்கிறது,
வயரை அதற்குப் பின்னால் விடுங்கள்.
முன்னால் விட்டால்
ஒருநாள் வயரும் சேர்ந்து முகத்துக்கு வரும்."
கப்பல் பட்டறையில் முப்பது வருஷம்.
காதருகே பேசினாலும்
அக்கரைக்குக் கேட்கும்படிதான் பேசுவார்.

எதற்கு இதெல்லாம் என்று அவர் கேட்கவில்லை.
கதவைப் பார்த்தார்.
பார்த்ததை நான் பார்த்தேன்.

கடைசியாக, தீப்பெட்டி அளவுப் பெட்டியில் ஒரு சுவிட்ச்:
எத்தனை வோல்ட்டில் கேமரா தூங்கலாம்?
பதினொன்று புள்ளி எட்டு என்றால்
விடியும்வரை பார்க்கும், வண்டி கிளம்பாது.
பன்னிரண்டு புள்ளி நான்கு என்றால்
வண்டி கிளம்பும், பாதி ராத்திரியில் கண் அசந்துவிடும்.
காவல் இருக்க இருக்க
கிளம்புகிற தெம்பு குறைந்துகொண்டே போகும்.
விவாகரத்துக்காக மூன்று வருஷம்
ரசீது ரசீதாய்ச் சேர்த்தவள் நான்.
இந்தக் கணக்கு எனக்குப் புதிதில்லை.

"ஜனவரி. பேட்டரி வேறு பழசு.
பன்னிரண்டு புள்ளி இரண்டில் வையுங்கள்."
வைத்தேன்.

பத்தாம் நாள் மெமரி கார்டைக் கழற்றினேன்.
அதிர்வு என்ற பெயரில் இருபத்தொரு கோப்புகள்.
பள்ளிச் சீருடையில் ஒருத்தி
திரும்பி நின்று, புத்தகப்பையால் தள்ளுகிறாள்.
காதில் பாட்டு போல, தலை ஆடுகிறது.
இரவுப்பணி முடிந்த இருவர்
ஒன்று, இரண்டு என்று உதடசைத்து மூன்றில் சாய்கிறார்கள்.
ஒருவர் தள்ளிப் பார்த்து அசையாமல்
பானெட்டில் ஓங்கி ஓர் அறை.
பிறகு அறைந்த இடத்தைச் சட்டைக்கையால் துடைக்கிறார்.
எத்தனை உள்ளங்கைகள்!
நான் தூங்கும்போது என் வண்டி பயணம் போயிருக்கிறது,
நாலடி முன்னே, நாலடி பின்னே.
கோடு கிழித்தவர் எதிலும் இல்லை.

கடைசிக் கோப்பு இன்று காலை,
நான்கு ஐம்பத்திரண்டு.
ப்யோ. அதே செருப்பு.
வண்டியைத் தள்ளவில்லை.
பின்கதவுப் பக்கம் போகிறார், படத்தின் விளிம்புக்கு,
கையில் சின்னதாய் ஏதோ.
குனிகிறார்.

அங்கே பன்னிரண்டு புள்ளி இரண்டு.
திரை கறுத்தது.

நடந்துதான் போனேன், ஓடவில்லை.
கோட்டின் மேல் புதுச் சாம்பல் பூச்சு,
என் வண்டியின் சாம்பலுக்குக் கொஞ்சம் ஒட்டாத சாம்பல்.
கப்பலுக்கு அடிக்கிறதாக இருக்கலாம்.
விரலால் தொட்டேன். காய்ந்திருந்தது.

செய்தவர் பூசியதா,
செய்யாதவர் பூசியதா,
கேமராவிடம் கேட்க முடியாது.
மல்டிமீட்டர் இன்னும் என் முன்னிருக்கையில் கிடக்கிறது.
அதைக் கொடுக்க ஏழாம் மாடிக்குப் போயாக வேண்டும்.

சும்மா சாவியைத் திருப்பினேன்.
முதல் தடவையிலேயே கிளம்பியது.